புக்கா ஒரு மாசுச் சொல்

“கதவத் திறங்க. உள்ள என்ன நடக்குதுன்னு நான் பாக்கணும்.”

இதை மட்டும் கேட்டுவிடக் கூடாது என்று, பாயான் லெப்பாஸிலிருந்து ஜார்ஜ்டவுன் வரை மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து அக்கா சொல்லிக்கொண்டே வந்தாள். “வேற என்ன வேணும்னாலும் கேளு தாட்சா. கதவத் திறக்கச் சொல்லி மட்டும் கேக்காத. ஒரு அம்மா கேட்டாங்க. அன்னைக்கே அவங்க பிள்ளைய வெளியாக்கிட்டாங்க.” ஹெல்மெட்டுக்குள் எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்து ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் திரும்பச் சொன்னாள். எனக்கு நன்றாகவே கேட்டது.

நான் கேட்டதும் மேசையில் இருந்த பெண்ணின் கை மணியை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. தூயமொழி மழலையர் மலர்ச்சி மையத்தில் பெற்றோர், உற்றார் யாராவது அயல்மொழிச் சொல்லை உச்சரித்தால் அவள் மணி அடிக்க வேண்டும். மூன்று முறை அடித்துவிட்டால் அந்த ஆள் படியிறங்கிக் கீழே போய்விட வேண்டும். இது முதல் விதி. நான் கேட்டதில் அயல்மொழிச் சொல் ஒன்றுகூட இல்லை. கை அந்தரத்திலேயே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு மடிக்குத் திரும்பியது.

“அப்படியெல்லாம் கேக்கக் கூடாதுக்கா,” என்றாள் பாவமாக.

“கேட்டுட்டேனே.”

அக்கா என் முழங்கையைக் கிள்ளினாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் அக்காவின் மகள் தேஷ்னா இருந்தாள். நாலரை வயது. காலையில் அக்காவின் கணவர், என் மாமா, காரில் கொண்டுவந்து விட்டுப் போயிருந்தார். கதவின் தாழ்ப்பாள் வெளிப்பக்கம், பெரியவர்களுக்கு மட்டும் எட்டுகிற உயரத்தில் இருந்தது. உள்ளிருந்து சத்தம் எதுவும் வரவில்லை. அழுகைச் சத்தம் வந்திருந்தால்கூட நான் கொஞ்சம் பொறுத்திருப்பேன்.

அன்று காலை அவளைக் குளிப்பாட்டும்போது பார்த்தேன். இரண்டு மணிக்கட்டிலும் பல் பட்ட தடம். சின்னப் பற்கள். அவளுடையவை.

*

தேஷ்னாவுக்கு ஆட்டிசம் என்று முதலில் சொன்னது அரசாங்க மருத்துவமனை. அங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்கும் நூருல் என்ற பெண்ணிடம் அக்கா கேட்ட முதல் கேள்வி, “இது எதனால வந்துச்சு?”

நூருல் மலாயில் நிதானமாகப் பதில் சொன்னாள். ஒரே காரணம் என்று ஒன்று கிடையாது. பெரும்பகுதி மரபணுக்களில் இருக்கிறது. மீதியை இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். தடுப்பூசியால் வருவதில்லை. வளர்ப்பால் வருவதில்லை. வீட்டில் எத்தனை மொழி பேசினாலும் அதனால் வருவதில்லை. நீங்கள் செய்த எதனாலும் வந்ததல்ல, அக்கா. இதை அழித்துவிட மருந்து கிடையாது. ஆனால் பிள்ளை தனக்கு வேண்டியதைச் சொல்லக் கற்றுக்கொள்ளலாம், நாம் உதவலாம். படம் போட்ட அட்டைகள் ஒரு கட்டு கொடுத்தாள். பிள்ளை ஏதாவது சொல் சொல்கிறாளா என்று கேட்டாள்.

ஒரே ஒரு சொல் சொல்வாள். புக்கா.

மலாயில் ‘திற’ என்று அர்த்தம். எங்கள் அடுக்குமாடியில் பொழுது விடிந்தால் ஏதாவது ஒரு கதவை யாராவது தட்டிக்கொண்டு இதைத்தான் கத்துவார்கள்; அங்கே பொறுக்கியிருப்பாள். பிஸ்கட் டின்னுக்குப் புக்கா. குழாய்க்குப் புக்கா. குடைக்கு, மின்விசிறிக்கு, அவளுடைய அப்பாவின் மூடிய கைக்குப் புக்கா. வேலை முடிந்து வந்து தூங்கும் என் இமையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, புக்கா. ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தையே வேலை வாங்கினாள்.

“அது தங்கம் மாதிரிச் சொல். விட்டுடாதீங்க,” என்றாள் நூருல். அடுத்த சந்திப்புக்குப் பல மாதங்கள் கழித்துத்தான் தேதி கிடைத்தது. வரிசையில் அவ்வளவு பிள்ளைகள்.

வீட்டுக்கு வரும் வழியில் அக்கா சொன்னாள்: “காரணமே தெரியாதாம்லா. தெரியாதவங்க எப்படிடி சரி பண்ணுவாங்க?”

அவளுடைய தொழிற்சாலையில் ஒரு தோழி மையத்தைப் பற்றிச் சொன்னாள். அங்கே காரணத்தை முதல் நாளே சொல்லிவிடுவார்களாம்.

*

சொன்னார்கள்.

மையம் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருந்தது. கீழே ஒரு சீனரின் சைக்கிள் கடை. அவர்கள் பேசும் ஹோக்கியன் சீனம் மேலே ஏறி வந்து பிள்ளைகளைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக ஜன்னல்களை எல்லாம் மெத்தைப் பஞ்சு வைத்து அடைத்திருந்தார்கள். மொழி உள்ளே வரவில்லை. காற்றும் வரவில்லை. பெயர்ப்பலகைக்கு அடியில், வெள்ளைப் பூச்சையும் மீறி, பழைய எழுத்துகள் தெரிந்தன: கோதுமையில்லா மழலையர் மையம். அதற்கும் அடியில், இன்னும் மங்கலாக: ஊசியில்லா மழலையர் மையம். காரணங்கள் மாறிவிட்டன. நிர்வாகம் மாறவில்லை. முன்பு மருந்தாகக் கொடுத்த ஒட்டகப் பால் வைப்பதற்காக வாங்கிய குளிர்பெட்டி மூலையில் இருந்தது. இப்போது அதில் மையத்தின் தலைவர் குடிக்கும் சோயா பானம்.

மூலகாரண ஆய்வாளர் பெயர் ஞானாம்பிகை. மேடம் என்று கூப்பிடக் கூடாது, மணி அடிக்கும். அம்மையார் என்று கூப்பிட வேண்டும். பட்டுப்புடவை, நெற்றியில் பெரிய பொட்டு, கையில் ஆளைக் குத்துவதுபோல் பிடித்த பேனா.

“வயித்துல பிள்ளை இருக்கும்போது என்ன பாத்தீங்க?”

“என்ன பாத்தேன்னா...?” என்றாள் அக்கா.

“தொலைக்காட்சில.”

“கொரியா நாடகம்ங்க அம்மையார்.”

“எந்த மொழியில?”

“அவங்க கொரியாவுல பேசுவாங்க. கீழ மலாய் எழுத்து ஓடும்.”

“சோகக் கட்டம் வந்தா அழுவீங்களா?”

“ஆமாங்க.”

“எந்த மொழியில அழுதீங்க?”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். எந்த மொழியில் அழுதோம் என்று அவள் அதுவரை யோசித்ததில்லை.

“தமிழ்லதாங்க,” என்றாள்.

அம்மையார் பேனாவை மூடினார். “முடிஞ்சிச்சு. காதுல கொரியா, கண்ணுல மலாய், கண்ணீர் தமிழ். உள்ள இருக்கிற பிள்ளை எதைம்மா புடிச்சிக்கும்? எல்லாத்தையும் விட்டிடுச்சு.”

மாமா பெயர் மோகனராஜ். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “எனக்கு ஒண்ணும் கேள்வி இல்லீங்களா?” என்றார்.

“நீங்க வேலைக்குப் போறவரு தம்பி. உங்கள ஏன் தொந்தரவு பண்ணணும்?”

அக்காவும் மாமாவும் ஒரே தொழிற்சாலைப் பேருந்தில்தான் வேலைக்குப் போகிறார்கள்.

நான் நூருல் சொன்னதைச் சொன்னேன். மொழிகளால் ஆட்டிசம் வருவதில்லை, அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், தாய் மேல் பழி போடாதீர்கள் என்றேன். நான் பல்கலைக்கழகத்துக்குப் போனவள் என்று அக்கா பயத்தோடு ஒரு விளக்கம் கொடுத்தாள், ஏதோ எனக்கு ஒரு நோய் இருக்கிற மாதிரி. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான்தான்; அதற்காகப் பல இடங்களில் என் சார்பில் இப்படி மன்னிப்புக் கேட்கப்பட்டிருக்கிறது.

“படிச்ச பிள்ளையா? சந்தோஷம்,” என்றார் அம்மையார். “படிச்சவங்களுக்கு முதல்ல வர்ற வியாதியே இதுதான், ‘தெரியாது’ன்னு சொல்றது. தெரியாதுன்னு சொல்றதுக்கு எதுக்கும்மா ஆஸ்பத்திரி?”

ஆஸ்பத்திரி என்றதும் மணிப்பெண் கையைத் தூக்கினாள். அம்மையார் பார்த்தார். கை இறங்கியது. நிர்வாகத்தினர் பேசும்போது மணி அடிக்கக் கூடாது. இது இரண்டாவது விதி.

படியிறங்கும்போது நான் கத்தினேன். “உன்னைக் குத்தவாளியாக்குறாங்கக்கா, புரியலயா உனக்கு?”

அக்கா ஒரு படியில் நின்றாள். அவள் முகத்தில் பல மாதங்களாக இல்லாத ஒரு வெளிச்சம். “புரியுதுலா. ஆனா என் தப்புன்னா, நானே சரி பண்ணிடலாம்ல?”

தொழிற்சாலையில் எனக்குத் தரக்கட்டுப்பாட்டு வேலை. ஒரு சிப் பழுதாகி வந்தால் காரணத்தைத் தேடுவோம். கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்று எழுதி, தேடிக்கொண்டே இருப்போம். காரணத்தை இட்டுக்கட்டி எழுதி முடித்தவனை வேலையை விட்டுத் தூக்கிய கதை எங்கள் பிரிவில் எல்லோருக்கும் தெரியும். சிப்புக்கு இருக்கிற மரியாதை அது. தேஷ்னா சிப் இல்லை, பழுதும் இல்லை. ஆகவே அவளுக்கு அந்த மரியாதையும் கிடைக்கவில்லை.

*

சிகிச்சையின் முதல் கட்டம் வீட்டில் தொடங்கியது. பிள்ளையின் காது கேட்கத் தூயதமிழ் மட்டுமே பேச வேண்டும். காரை மகிழுந்து என்று சொல்லப் பழகினோம். துவாலைக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் மாமா ஈரத்தலையோடு குளியலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். ரொட்டி சானாய்க்கு ஒரு சொல் கேட்டு மையத்துக்கு ஆள் அனுப்பினோம். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது, அதுவரை சாப்பிட வேண்டாம் என்றும். கொஞ்ச நாளில் பேசுவதே ஆபத்தாகத் தோன்றியதால் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பிள்ளைக்குப் பேச்சு வருவதற்காக எங்கள் வீடு ஊமையானது. கணவனும் மனைவியும் சண்டை என்று நினைத்துப் பக்கத்து வீட்டு சலேஹா அக்கா ஒரு தட்டு குயே பலகாரம் கொண்டுவந்து வைத்து, சமாதானம் செய்துவிட்டுப் போனார். நாங்கள் கைகூப்பி நன்றி சொன்னோம்.

இல்லச் சூழல் ஆய்வாளர் கார்த்திகன் வாரந்தோறும் வந்தான். இணையத்தில் படித்துச் சான்றிதழ் வாங்கியவன்; அதைச் சட்டைப்பையில் மடித்தே வைத்திருந்தான். கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த சீனக் கடை நாட்காட்டியைப் பார்த்ததும் இரண்டடி பின்வாங்கினான்.

“இது எவ்வளவு நாளா இங்க இருக்கு?”

“வருசப் பிறப்புலேர்ந்து,” என்றேன். “நாட்காட்டின்னா அப்படித்தானே இருக்கும்.”

அதைச் சுவரைப் பார்த்துத் திருப்பி மாட்டினான். அதற்குப் பிறகு எங்களுக்குத் தேதி தெரியவில்லை.

அப்போதுதான் தேஷ்னா பிஸ்கட் டின்னோடு அவனிடம் வந்தாள். புது ஆளைப் பார்த்தால் ஒளிந்துகொள்கிற பிள்ளை அவள். அன்றைக்கு அவன் கையைப் பிடித்து, டின் மூடியின் மேல் வைத்து, “புக்கா,” என்றாள்.

நான் சொல்கிறேன், அந்தப் பிள்ளை வெளியாள் ஒருவரிடம் வாய் திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை. கார்த்திகன் கையை உதறிக்கொண்டு அக்காவைப் பார்த்தான்.

“எவ்வளவு நாளா இந்தச் சொல் இருக்கு?”

மறுநாள் மையத்தின் தீர்ப்பு வந்தது. புக்கா ஒரு மாசுச் சொல். மாசுச் சொல் நாவில் உட்கார்ந்திருக்கும் வரை தூய சொல்லுக்கு இடமில்லை. ஆகவே பிள்ளை அதைச் சொன்னால் யாரும் எதையும் திறக்கக் கூடாது. ‘திற’ என்று சொல்லும் வரை காத்திருக்க வேண்டும். படம் போட்ட அட்டைகளும் கூடாது, நாக்கைச் சோம்பேறியாக்கும். அவற்றை அக்கா அலமாரிக்கு மேலே வைத்தாள்.

காத்திருந்தார்கள். தேஷ்னா குழாயடியில் நின்று சொன்னாள், அக்கா சமையல்கட்டுச் சுவரைப் பார்த்து நின்றாள். டின்னைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவர் கையாகத் தொட்டுப் பார்த்தாள். மாமா கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் ஒளிந்து ஒளிந்து திறந்துகொடுத்தேன். அதை அக்கா பார்த்துவிட்டு அழுதாள். உன்னாலதான் பிள்ளை தேறல என்றாள். ஒரு நாள் காலை தேஷ்னா என் பக்கத்தில் வந்து நின்றாள். என் இமையைத் தூக்கிவிடவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் எதுவும் சொல்லவில்லை.

மையத்தில் கைதட்டினார்கள். மாசு நீங்கிவிட்டது, இவ்வளவு விரைவாக எந்தப் பிள்ளைக்கும் நீங்கியதில்லை என்றார் அம்மையார். ஆண்டு விழாவில் சான்றிதழ் உண்டு. அடுத்த கட்டம்: ஏக்க அறை. ஏக்கம் முற்றினால் சொல் வரும். பிள்ளைக்குப் பிடித்தமான பொருள்களை வீட்டிலிருந்து கொண்டுவந்து தர வேண்டும்; எதற்கு என்று கேட்கக் கூடாது. கதவைத் திறக்கச் சொல்லிக் கேட்கவே கூடாது.

*

“யாரு கதவத் திறக்கச் சொன்னது?”

டத்தோ பட்டம் வாங்கிய தலைவர் விநாசித்தம்பி தம் அறையிலிருந்து வெளியே வந்தார். விழா ஒத்திகைக்காக வந்திருந்தார், கோட்டுப் போட்டிருந்தார், பஞ்சு அடைத்த அறையில் கழுத்து வழியே வியர்வை ஓடியது. பின்னாலேயே அம்மையாரும் கார்த்திகனும் வந்தார்கள். எங்களை உட்காரச் சொன்னார்கள். நான் கதவைப் பார்த்த மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

“தங்கச்சி, நான் ஓப்பனா பேசறவன்,” என்றார் டத்தோ. “இந்த சென்டரோட சக்சஸுக்கு ஒரே ரீசன் என்ன? டிசிப்ளின். வீட்டுக்குள்ள தமிழ் மட்டும். ப்யூர் தமிழ். அதுல நோ காம்ப்ரமைஸ்லா.”

மணிப்பெண் மேசைக்கு அடியில் விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். ஒரு கை போதவில்லை.

“பிள்ளையோட கைய நீங்க பாத்தீங்களா? கடிச்சி வச்சிருக்கா,” என்றேன்.

“பார்த்தோம்,” என்றார் அம்மையார் மகிழ்ச்சியோடு. “ரொம்ப நல்ல அறிகுறி. சொல்லு உள்ள இருந்து வெளிய வர முட்டுது. வாய் தயாராகுது.”

அக்கா இதைக் கேட்டுத் தலையை ஆட்டினாள். ஆட்டிய தலை பாதியில் நின்றது. மணிக்கட்டைப் பற்றி நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“இங்க எத்தனை பிள்ளைங்களுக்குப் பேச்சு வந்திருக்கு?” என்று கேட்டேன்.

“அப்படிப் பாக்கக் கூடாது தங்கச்சி,” என்றார் டத்தோ. “பேச்சுங்கிறது ரிசல்ட். நாங்க பாக்கறது ப்ராசஸ்.”

“நான் சொல்றேன் டத்தோ,” என்று அம்மையார் முன்னால் நகர்ந்தார். “பேச்சு வந்த பிள்ளைங்களுக்கு எல்லாம் நம்ம முறையால வந்தது. வராத பிள்ளைங்களுக்கு எல்லாம் தாய் ஒத்துழைக்காததால வரல. எங்க முறை இன்னைக்கு வரைக்கும் தோத்ததே கிடையாது.”

“எங்க ஃபேக்டரில இப்படி ஒரு ரிப்போர்ட் எழுதினா...”

மணி. மணி.

அக்கா என் மடியில் கை வைத்து அழுத்தினாள். இன்னும் ஒரு முறை மணி அடித்தால் நான் கீழே போக வேண்டும், தேஷ்னா உள்ளே இருப்பாள். டத்தோ கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே என் வாயைப் பார்த்தார். அம்மையாரும் பார்த்தார். கார்த்திகன் பார்த்தான். நான் அடுத்து என்ன சொல்கிறேன் என்பதில் யாருக்கும் அக்கறை இல்லை. எந்தச் சொல்லால் சொல்கிறேன் என்று காத்திருந்தார்கள்.

வாயை மூடிக்கொண்டேன். அந்த மௌனத்தில்தான் அது கேட்டது.

கதவுக்கு அந்தப் பக்கம், தரையோடு தரையாக, தொண்டை காய்ந்த ஒரு குரல்.

“புக்கா.”

அக்கா எழுந்துவிட்டாள்.

“யாரும் அசையாதீங்க!” அம்மையார் இரண்டு கையையும் விரித்தார். “மாசு திரும்புது.”

“ஐயோ, சர்ட்டிபிகேட் பிரிண்ட்டுக்குப் போயிடுச்சேலா,” என்றார் டத்தோ.

மணிப்பெண் கார்த்திகனிடம் ரகசியமாகக் கேட்டாள்: “அண்ணே, பிள்ளைங்க சொன்னாலும் மணி அடிக்கணுமா?”

கார்த்திகனுக்குத் தெரியவில்லை. அவன் அம்மையாரைப் பார்த்தான், அவர் டத்தோவைப் பார்த்தார். விதி பெற்றோருக்கும் உற்றாருக்கும் மட்டும்தான் என்றார் ஒருவர். பிள்ளையும் ஒரு வகையில் உற்றார்தானே என்றார் இன்னொருவர்.

“புக்கா,” என்றது குரல் மறுபடியும்.

“பேசறா,” என்றாள் அக்கா. அவள் யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. “பிள்ளை பேசறா. கேக்குதா உங்களுக்கு? எத்தனை நாளாச்சு...”

“அது பேச்சு இல்லம்மா தனலெட்சுமி. மலாய்,” என்றார் அம்மையார் அக்காவிடம்.

“டத்தோ, கதவத் திறக்கலாமா வேணாமா?” என்றான் கார்த்திகன். அவன் முகம் வெளுத்திருந்தது.

“ப்ரொசீஜர் இருக்கு. நிர்வாகக் கூட்டம்னா, ஒருத்தர் முன்மொழியணும், ஒருத்தர் வழிமொழியணும். யார் முன்மொழியறது?”

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் போய்த் தாழ்ப்பாளை இழுத்தேன்.

ஏக்க அறை நான் நினைத்த மாதிரி வெறுமையாக இல்லை. மூன்று பக்கச் சுவரிலும், பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் பலகை அடித்திருந்தார்கள். பலகை முழுக்க மூடிய பொருள்கள். எங்கள் வீட்டு பிஸ்கட் டின். எங்கள் வீட்டுக் குடை. வேறு பிள்ளைகளின் பெயர் எழுதிய டப்பாக்கள், பொம்மைப் பெட்டிகள். அவளுடைய தண்ணீர் பாட்டிலும் அங்கேதான் இருந்தது. கீழே சிமெண்டுத் தரையில், எல்லாவற்றையும் பார்த்த மாதிரி, தேஷ்னா உட்கார்ந்திருந்தாள்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் யார் முகத்தையும் பார்க்கிற ஆள் இல்லை. எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்து பாட்டில் இருந்த பக்கம் தூக்கினாள். சொல்லவில்லை. சொன்னால் நடக்காது என்று கற்றுக்கொடுத்திருந்தோம்.

எடுத்துத் திறந்து கொடுத்தேன். குடித்தாள். நிறுத்தாமல் குடித்தாள், கழுத்தெல்லாம் வழிந்தது.

“தங்கச்சி! இத்தனை வாரத்து வேலை!” டத்தோ வாசற்படியில் நின்று கத்தினார்.

நான் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அம்மையார் என் வழியை மறிக்கவில்லை. அவருக்கு நான் தேவையும் இல்லை. அக்காவிடம் திரும்பினார். குரலைத் தாழ்த்தி, தாயைப் போல் சொன்னார்:

“தனலெட்சுமி, நல்லா யோசிச்சிக்கோம்மா. இப்ப வெளிய போனா இங்க மறுபடி இடம் கிடையாது. ஒண்ணாம் வகுப்புக்கு எப்படிப் போவா? நாளைக்கு அந்தப் பிள்ளை பேசாமலே போச்சுன்னா, அதுக்குக் காரணம் யாருன்னு உனக்கே தெரியும்.”

அக்கா அறையின் நடுவில் நின்றாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா,” என்றேன். “நான் இங்க அனுமதி கேக்க வரல. காலையிலயே முடிவு பண்ணிட்டுத்தான் வந்தேன். படம் போட்ட அட்டையெல்லாம் என் பையில இருக்கு. நூருல்கிட்ட பேசிட்டேன், தாய்மாருங்களுக்குச் சொல்லிக்குடுக்கிற வகுப்பு ஒண்ணு இருக்காம், அதுக்குக் காத்திருக்க வேண்டாமாம். நான் கூட்டிட்டுப் போறேன். அதுக்குத்தான் என் ஷிஃப்ட்ட மாத்திட்டேன்.”

மணி.

மூன்றாவது மணி. இந்த முறை மணிப்பெண் யாரையும் பார்க்காமல், உடனே, பலமாக அடித்தாள். அவளே ஒரு கணம் திகைத்துப்போய் மணியைப் பார்த்தாள்.

விதிப்படி நான் கீழே போக வேண்டும். அந்த மையத்தின் விதிகளில் நான் மனமுவந்து கடைப்பிடித்தது அது ஒன்றுதான். தேஷ்னாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினேன். மரப்படி. என் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. பின்னால் யாரும் வரவில்லை. மேலே டத்தோ இதைக் கூட்டக் குறிப்பில் எப்படி எழுதுவது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கீழே இழுவைக் கம்பிக்கதவு சாத்தியிருந்தது. பிள்ளைகள் ஓடிவிடாமல் இருக்க எப்போதும் சாத்தியே வைப்பார்கள். கம்பிகளுக்கு அப்பால் ஐந்தடி நடைபாதையில் சைக்கிள் கடைக்காரர் ஒரு சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, பக்கத்துக் கடைக்காரரிடம் ஹோக்கியனில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் பாட்டில், தோளில் பை.

தேஷ்னா கம்பியைப் பார்த்தாள். என்னைத் தொட்டாள். அவள் வாய் அசைந்தது, நின்றது. நான் காத்திருக்கவில்லை, பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கையை நீட்டினேன். அதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

“புக்கா.”

என் கைக்கு முன்னால், பின்னாலிருந்து ஒரு கை நீண்டு கம்பிக்கதவைப் பிடித்து இழுத்தது. துருப்பிடித்த கதவு. ஒரே இழுப்பில் வரவில்லை. அக்கா காலை ஊன்றி, இன்னொரு முறை இழுத்தாள். செருப்பில்லாமல் இறங்கி வந்திருந்தாள். மற்றக் கையில் பிஸ்கட் டின்.

“நம்ம வீட்டு டின்னுலா,” என்றாள் மூச்சிரைக்க. “இதை எதுக்கு இவங்ககிட்ட விடணும்?”

மாடியில் மணி அடித்தது. நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தது. அக்கா நடைபாதையிலேயே நின்று டின்னைத் திறந்தாள்.